மெல்போர்ன் உள்நகர வீடுகளில் வெந்நீர்: விறகுச் சில்லிலிருந்து வெப்ப எக்கி வரை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் தலைநகர் மெல்போர்ன். அங்கு வீடுகளில் வெந்நீர் காய்ச்சும் முறை கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை மாறியிருக்கிறது. முதலில் விறகு இருந்தது. அதன்பின் நிலக்கரியிலிருந்து எடுத்த நகர எரிவாயுவும், இரவு நேர மின்சாரமும், கடலடியிலிருந்து வந்த இயற்கை எரிவாயுவும் அடுத்தடுத்து வந்தன. இப்போது அந்த இடத்துக்கு வெப்ப எக்கி வந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலிய வீடுகள் செலவிடும் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு வெந்நீருக்கே போகிறது. எனவே இந்த மாற்றம் குளியலறையோடு நின்றுவிடுவதில்லை. குடும்பத்தின் மாதச் செலவு, மாநிலத்தின் எரிபொருள் கொள்கை, காற்று மண்டலத்தில் சேரும் கரியமில வாயு ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

இக்கட்டுரை கார்ல்டன், ஃபிட்ஸ்ராய், காலிங்வுட், ரிச்மண்ட் முதலிய உள்நகரப் பகுதிகளை மையமாகக் கொண்டது. நகர மையத்தை ஒட்டிய இப்பகுதிகளில் வீடுகள் பழையவை, இடம் குறைவு, வாடகைக்குக் குடியிருப்போர் அதிகம். புதிய கருவி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதால் மட்டும் இங்கே மாற்றம் நிகழ்ந்ததில்லை. கருவிக்கு யார் பணம் கொடுப்பது, மாதக் கட்டணத்தை யார் செலுத்துவது என்ற இரு கேள்விகளுக்கும் பொருத்தமான விடை கிடைத்தபோதுதான் மாற்றம் விரைவாக நடந்தது. இப்பகுதிகளின் வெந்நீர் வரலாறு காட்டும் முதன்மையான செய்தி இதுவே.

நகரமும் வீடுகளும்

1851இல் விக்டோரியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டதும் மெல்போர்ன் வேகமாக வளர்ந்தது. 1891இல் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ ஐந்து லட்சத்தை எட்டியது. வந்து குவிந்த மக்களுக்காக உள்நகரத்தில் தொடர் வீடுகள் கட்டப்பட்டன. பக்கச் சுவர்களைப் பொதுவாகக் கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகள் இவை. பல வீடுகளின் முகப்பு நான்கைந்து மீட்டர் அகலமே. பின்புறம் ஒரு சிறு முற்றமும், அதற்கப்பால் ஒரு சந்தும் இருக்கும். சமையலறை, துவைக்கும் அறை, கழிப்பிடம் ஆகியவை வீட்டின் பின்கோடியில் சாய்ப்புக் கூரையின்கீழ் அமைந்தன. தனிக் குளியலறை இல்லாத வீடுகள் ஏராளம்.

1857இல் யான் யீன் நீர்த்தேக்கத்திலிருந்து நகருக்குக் குழாய் நீர் வந்தது. பாதாளச் சாக்கடையோடு வீடுகளை இணைக்கும் பணி 1897இல்தான் தொடங்கியது. குழாய் நீர் வந்த பின்னரும் பல பத்தாண்டுகளுக்கு அது குளிர்ந்த நீராகவே இருந்தது. மெல்போர்னின் குளிர்காலம் நம் நாட்காட்டியில் ஆனி, ஆடி மாதங்களை ஒட்டி வருகிறது. ஜூலை இரவுகளில் சராசரி வெப்பநிலை 6, 7 பாகை செல்சியசுக்கு இறங்கிவிடும். எனவே அங்கு வெந்நீர் ஓர் அடிப்படைத் தேவை.

விறகுக் காலம்

தொடக்கத்தில் வெந்நீருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று சமையல் அடுப்பின்மேல் வைக்கும் கெட்டில். மற்றொன்று துவைக்கும் அறையில் செங்கல் அடுப்பின்மேல் பதித்த பெரிய செப்புக் கொப்பரை. அதைக் 'காப்பர்' என்றே அழைத்தனர். வாரத்தில் ஒரு நாள் அதில் துணிகளை வேகவைப்பர். குளிக்கும் நாளில் அதே கொப்பரையில் நீர் காய்ச்சி, வாளியில் முகந்து தொட்டிக்குச் சுமந்து செல்வர். சுமந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

பின்னர் 'சில்லு அடுப்பு' என்னும் கருவி ஆஸ்திரேலியா முழுவதும் பரவியது. குளியல் தொட்டியின் தலைமாட்டில் நிற்கும் உருளை வடிவக் கருவி இது. உள்ளே மரச் சில்லு, காகிதம், பைன் காய் போன்றவற்றை எரிப்பார்கள். தீயைச் சுற்றியுள்ள செப்புக் குழாயிலோ உறையிலோ ஓடும் நீர் சில நிமிடங்களில் சூடாகி வெளிவரும். தமிழகத்து வீடுகளில் ஒரு காலத்தில் இருந்த நடுக்குழாய் வைத்த செப்புப் பாய்லரை அறிந்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் புரியும். பாய்லரில் நீர் தேங்கி நின்று காயும். சில்லு அடுப்பில் நீர் ஓடிக்கொண்டே காயும். எரிபொருளுக்குச் செலவு மிகக் குறைவு என்பதால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது பல வீடுகளில் இருந்தது. புகை, சாம்பல், தீ விபத்து அச்சம் ஆகியவை இதன் குறைகள்.

நகர எரிவாயுவும் கீசரும்

1850களின் பிற்பகுதியில் மெல்போர்ன் தெருக்களில் எரிவாயு விளக்குகள் ஒளிர்ந்தன. காற்றுப் புகாத கலனில் நிலக்கரியைச் சூடாக்கிப் பெறப்பட்ட வாயு இது. மின்விளக்கு வந்ததும் எரிவாயு நிறுவனங்களுக்கு விளக்கு வணிகம் குறையத் தொடங்கியது. எனவே சமையலுக்கும் வெந்நீருக்கும் வாயுவை விற்பதில் அவை முனைந்தன.

1868இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றை நினைவூட்டும் வகையில் அதற்குக் 'கீசர்' என்று பெயரிட்டார். இன்று இந்திய வீடுகளில் மின்சார வெந்நீர்க் கருவியைக் கீசர் என்று சொல்கிறோம். அப்பெயர் இந்த எரிவாயுக் கருவியிலிருந்து வந்ததே. மாகனின் கருவியில் புகைபோக்கி இல்லை. நகர எரிவாயுவில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது. கசிவு ஏற்பட்டாலோ, மூடிய குளியலறையில் வாயு சரியாக எரியாவிட்டாலோ உயிருக்கே ஆபத்து. பின்னர் புகைபோக்கியும் பாதுகாப்பு அடைப்பிதழ்களும் சேர்க்கப்பட்டன. 1889இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நார்வே நாட்டுப் பொறியாளர் எட்வின் ரூட் தானியங்கிச் சேமிப்பு வெந்நீர்க் கலனை உருவாக்கினார். இவ்விரு வகைகளே பின்னாளில் வந்த கருவிகளுக்கு அடிப்படையாயின.

மொத்தமாகக் கட்டணம் செலுத்த இயலாத வாடகைதாரர்களுக்காகக் காசு போட்டால் வாயு தரும் மீட்டர்கள் வந்தன. கையில் காசு உள்ள அளவுக்கு வாயு கிடைக்கும். காசு தீர்ந்தால் சுடர் அணையும். இம்முறையால் ஏழை வீடுகளுக்கும் வாயு அடுப்பு வந்தது. ஆனால் கீசர் பொருத்தக் குளியலறை வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் பணம் போட வேண்டும். வெந்நீர் வசதி செய்தாலும் செய்யாவிட்டாலும் வாடகை கிடைக்கும் என்ற நிலையில், அந்தச் செலவைச் செய்ய உரிமையாளருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

சேரி ஒழிப்பும் வெந்நீரும்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது உள்நகர வீடுகளின் நிலை பொதுவிவாதத்துக்கு வந்தது. மெதடிஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதி ஆஸ்வால்ட் பார்னெட், சந்துகளுக்குள் இருந்த வீடுகளைப் படம் பிடித்து மக்களுக்குக் காட்டினார். மாநில அரசு சேரி ஒழிப்பு ஆய்வு வாரியம் ஒன்றை அமைத்தது. குளியலறையும் முறையான துவைக்கும் இடமும் இல்லாத வீடுகளைப் பற்றி அவ்வாரியம் 1937இல் அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டு விக்டோரியா வீட்டுவசதி ஆணையம் நிறுவப்பட்டது.

1960களில் அந்த ஆணையம் கார்ல்டன், ஃபிட்ஸ்ராய், ரிச்மண்ட் முதலிய இடங்களில் பழைய தெருக்களை இடித்துவிட்டு உயர்ந்த அடுக்குமாடிகளைக் கட்டியது. ஒவ்வொரு குடியிருப்பிலும் குளியலறையும் வெந்நீர்க் குழாயும் இருந்தன. ஆனால் தெருக்களை இடித்ததில் அக்கம்பக்க உறவுகள் சிதைந்தன என்ற கடும் எதிர்ப்பும் எழுந்தது. வெந்நீர் வசதி வந்தது உண்மை; அதற்குக் கொடுத்த விலையும் உண்மை. பொது வீடுகளில் உரிமையாளர் அரசே என்பதால் ஒரே முடிவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வெந்நீர் கிடைத்தது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

இரவு மின்சாரம்

1921இல் ஜான் மோனாஷ் தலைமையில் விக்டோரியா மாநில மின்சார ஆணையம் செயல்படத் தொடங்கியது. 1924 முதல் யலோர்ன் என்னும் இடத்தில் கிடைத்த பழுப்பு நிலக்கரியிலிருந்து மெல்போர்னுக்கு மின்சாரம் வந்தது. அனல் மின்நிலையத்தை இரவில் முழுமையாக நிறுத்திவிட்டுக் காலையில் உடனே இயக்குவது கடினம். இரவில் தேவை குறைந்தாலும் கொதிகலன் எரிந்துகொண்டே இருக்கும். அந்த உபரி மின்சாரத்தை விற்க மின்வாரியங்கள் கண்ட வழிகளுள் முக்கியமானது வெந்நீர்க் கலன்.

வெப்பக் காப்பு உறையிட்ட பெரிய கலனில் இரவில் நீரைச் சூடாக்கி வைத்தால் மறுநாள் முழுவதும் பயன்படுத்தலாம். இதற்குத் தனி மீட்டரும் குறைந்த கட்டணமும் வழங்கப்பட்டன. இரவில் குறித்த நேரத்தில் கலன்களுக்கு மின்சாரம் தானாகவே வரும். காலையில் தானாகவே நிற்கும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கட்டப்பட்ட புறநகர் வீடுகளில் இது பரவலாயிற்று. உள்நகரத்தின் சிறிய வீடுகளில் கலன் வைக்க இடம் தேடுவதே சிக்கலாக இருந்தது.

இம்முறையில் கம்பிச் சுருளே நீரைச் சூடாக்குகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம் மட்டுமே கிடைக்கும். பழுப்பு நிலக்கரியில் ஈரம் மிகுதி. அதிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஒரு கிலோகிராமுக்கும் மேல் கரியமில வாயு வெளியாகும். அக்காலத்தில் இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இயற்கை எரிவாயு: இரண்டு ஆண்டுகளில் முடிந்த மாற்றம்

1965இல் விக்டோரியாவின் தென்கிழக்கே பாஸ் நீரிணையின் அடியில் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. 1969இல் அது மெல்போர்ன் வீடுகளை எட்டியது. இயற்கை எரிவாயு நகர எரிவாயுவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வெப்பம் தரும். எனவே பழைய சுடர்முனைகளில் அதை எரிக்க இயலாது. நகரில் உள்ள ஒவ்வொரு அடுப்பையும் கீசரையும் கணப்பையும் திறந்து, உள்ளுறுப்புகளை மாற்ற வேண்டியிருந்தது.

இப்பணியைச் செய்தது மாநில அரசின் பங்கேற்போடு இயங்கிய எரிவாயு, எரிபொருள் கழகம். பகுதி பகுதியாக நாள் குறித்து, தெருத் தெருவாகப் பணியாளர்கள் சென்றனர். மாற்றும் செலவைக் கழகமே ஏற்றது. உரிமையாளர், வாடகைதாரர் என்ற வேறுபாடு இல்லை. குழாய் செல்லும் வீடு என்றால் மாற்றம் உண்டு, அவ்வளவே. 1970 முடிவதற்குள் மெல்போர்னில் இப்பணி நிறைவுற்றது. நச்சுத்தன்மை கொண்ட நகர எரிவாயு வீடுகளிலிருந்து மறைந்தது.

விலை குறைவு, தூய்மை, கிடைக்கும் உறுதி ஆகிய மூன்றும் சேர்ந்ததால் விக்டோரியா ஆஸ்திரேலியாவிலேயே எரிவாயுவை அதிகம் சார்ந்த மாநிலமாயிற்று. அங்குள்ள வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்குக்கு எரிவாயு இணைப்பு ஏற்பட்டது. உள்நகர வீடுகளுக்கும் இது ஏற்றதாக இருந்தது. வெளிச்சுவரில் மாட்டும் சிறிய உடனடி வெந்நீர்க் கருவிக்குக் கலன் வேண்டியதில்லை. அரை மீட்டர் சுவர் போதும்.

சூரிய வெந்நீரும் உள்நகரமும்

ஆஸ்திரேலியாவில் வெயிலுக்குக் குறைவில்லை. 1950களின் தொடக்கத்தில் அந்நாட்டின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் ரோஜர் மோர்ஸ் என்ற பொறியாளர் சூரிய வெந்நீர்க் கருவிகளை ஆய்ந்து வடிவமைத்தார். அந்த ஆய்வு நடந்த இடம் மெல்போர்னின் புறநகரான ஹைட். அதே காலத்தில் மேற்கே பெர்த் நகரில் ஹார்ட் குடும்ப நிறுவனம் சூரிய வெந்நீர்க் கருவிகளைச் செய்யத் தொடங்கியது. அதுவே பின்னர் 'சோலாஹார்ட்' என்று பெயர் பெற்றது.

எனினும் ஆய்வு நடந்த நகரின் உள்பகுதியில் அக்கருவி அதிகம் பரவவில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. கூரைமேல் 300 லிட்டர் கலன் வைத்தால் நீரின் எடை மட்டுமே 300 கிலோகிராம். பழைய கூரைச் சட்டம் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தொடர் வீட்டின் கூரை எத்திசை நோக்கியிருக்கிறதோ அதை மாற்ற இயலாது. தென்கோளத்தில் வெயிலுக்கு வடக்கு நோக்கிய கூரை வேண்டும். அண்டை வீட்டுச் சுவரின் நிழலும் விழும். பல உள்நகரத் தெருக்கள் பாரம்பரியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை; தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி கூரைமேல் கலன் வைக்க அனுமதி பெற வேண்டியிருக்கும். மெல்போர்னின் மேகம் சூழ்ந்த குளிர்காலத்தில் துணைக்கு மின்சாரமோ எரிவாயுவோ தேவைப்பட்டது. மலிவான எரிவாயு வாசலிலேயே இருந்ததால் இவ்வளவு சிரமம் ஏன் என்று மக்கள் எண்ணினர்.

வெப்ப எக்கி செயல்படும் முறை

சந்தையில் 'ஹீட் பம்ப்' எனப்படும் வெப்ப எக்கி, குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்தில் இயங்குகிறது. குளிர்சாதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெப்ப எக்கி வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து நீருக்குள் தள்ளுகிறது. மின்சாரம் வெப்பத்தை உண்டாக்கச் செலவாவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தவே செலவாகிறது. எனவே ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று அல்லது நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கிறது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 200 லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 10.5 யூனிட் வெப்பம் தேவை. கம்பிச் சுருள் கருவிக்கு அதே அளவு மின்சாரம், அதாவது 10.5 யூனிட் வேண்டும். 80 விழுக்காடு திறனுள்ள எரிவாயுக் கருவிக்கு 13 யூனிட்டுக்கு இணையான வாயு வேண்டும். ஒன்றுக்கு மூன்றரை தரும் வெப்ப எக்கிக்கு 3 யூனிட் மின்சாரம் போதும். கலனிலிருந்து கசியும் வெப்பத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை.

60 பாகை என்பதற்கும் காரணம் உண்டு. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா வளரும். அது கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். எனவே ஆஸ்திரேலிய விதிகளின்படி கலனில் நீர் 60 பாகையில் சேமிக்கப்பட வேண்டும். அதே நீர் நேராக உடலில் பட்டால் கொப்புளிக்கும் என்பதால், குளியலறைக் குழாயில் 50 பாகைக்கு மேல் வராதபடி கலப்புக் கட்டுப்பாட்டு இதழ் பொருத்தப்படுகிறது.

உள்நகரத்தில் வெப்ப எக்கிக்கும் தடைகள் உள்ளன. அதற்குக் கலன் தேவை. கலனுக்கு இடம் தேவை. காற்று தடையின்றி வந்துபோக வேண்டும். விசிறியும் அமுக்கியும் ஓசை எழுப்பும். மூன்று மீட்டர் தொலைவில் அண்டை வீட்டின் படுக்கையறைச் சன்னல் இருக்கலாம். ஆயினும் கூரை வேண்டியதில்லை, வெயில் வேண்டியதில்லை என்பதால் சூரியக் கருவி நுழைய முடியாத பல வீடுகளில் இது நுழைய முடிந்தது.

கொள்கை திசை மாறிய விதம்

1999 அக்டோபரில் மின்சார வெந்நீர்க் கலன்களுக்குக் குறைந்தபட்சத் திறன் அளவு நாடு முழுவதும் கட்டாயமானது. 2001 ஏப்ரலில் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் இலக்குத் திட்டத்தில் சூரிய வெந்நீர்க் கருவிகளும் வெப்ப எக்கிகளும் சான்றிதழ் பெறத் தகுதி பெற்றன. அச்சான்றிதழை மின்விற்பனை நிறுவனங்கள் விலைக்கு வாங்கியாக வேண்டும். இதனால் கருவியின் விலையில் ஒரு பகுதி வாங்குவோருக்குத் தள்ளுபடியாகக் கிடைத்தது.

2009 ஜனவரியில் விக்டோரியா தனக்கென ஒரு திறன் இலக்குத் திட்டத்தைத் தொடங்கியது. கம்பிச் சுருள் மின்கலனை அகற்றிவிட்டுத் திறன்மிக்க எரிவாயுக் கருவியோ சூரியக் கருவியோ பொருத்தினால் அதற்கும் சலுகை உண்டு. மின்சாரம் பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்த அக்காலத்தில் எரிவாயுவுக்கு மாறுவது காற்று மாசைக் குறைக்கும் வழியாகவே கருதப்பட்டது. அன்றைய கணக்கின்படி அது சரியே.

பின்னர் கணக்கு மாறியது. 2017 மார்ச்சில் ஹேசல்வுட் பழுப்பு நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகின. ஆஸ்திரேலியாவில் மூன்றில் ஒரு வீட்டின் கூரையில் சூரிய மின்தகடு ஏறியது. மறுபுறம் பாஸ் நீரிணை எரிவாயு வயல்கள் வற்றத் தொடங்கின. எரிவாயு விலை உயர்ந்தது. மின்சாரம் ஆண்டுதோறும் தூய்மையாகிக்கொண்டு வர, எரிவாயுவின் மாசு அப்படியே இருந்தது.

2022 ஜூலையில் விக்டோரியா அரசு எரிவாயுவிலிருந்து விலகுவதற்கான வழித்திட்டத்தை வெளியிட்டது. அதன்படி எரிவாயுக் கருவிகளுக்கான சலுகைகள் நிறுத்தப்பட்டன. 2024 ஜனவரி 1 முதல் திட்ட அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு இல்லை என்றாயிற்று. பழைய வீடுகளில் எரிவாயு வெந்நீர்க் கருவி ஆயுள் முடிந்து பழுதானால், 2027 மார்ச் 1 முதல் சில விலக்குகளுக்கு உட்பட்டு மின்சாரக் கருவியே பொருத்த வேண்டும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. ஒரே மாநிலம் எரிவாயுவுக்கு மாறச் சலுகை கொடுத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் எரிவாயுவிலிருந்து விலகச் சலுகை கொடுத்தது இவ்வரலாற்றின் முக்கியத் திருப்பம்.

இரவிலிருந்து பகலுக்கு

பழைய மின்கலன்கள் இரவில் சூடாயின. காரணம், உபரி மின்சாரம் இரவில் இருந்தது. இப்போது உபரி நண்பகலில் உள்ளது. கூரைத் தகடுகள் உச்சி வெயிலில் தேவைக்கு மேல் மின்சாரம் தருகின்றன. எனவே வெப்ப எக்கியைக் காலை பத்து மணி முதல் மாலை மூன்று மணிக்குள் இயங்கும்படி அமைப்பது இலாபகரமானது. அந்நேரத்தில் காற்றும் சற்று வெதுவெதுப்பாக இருப்பதால் எக்கியின் திறனும் கூடுகிறது. அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடுவதில்லை. நிலக்கரிக் காலத்தில் உருவான சேமிப்புக் கலன் என்னும் கருத்து, சூரிய மின்சாரக் காலத்தில் வேறு நேரத்தில் மீண்டும் பயனுக்கு வந்திருக்கிறது.

வாடகை வீடும் அடுக்குமாடியும்

வெந்நீர்க் கருவி பொதுவாகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும். அது பழுதாகும் நாளில் வீட்டில் வெந்நீர் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். உடனே பிளம்பரை அழைக்க வேண்டும். பிளம்பர் தன் வண்டியில் உள்ள அதே வகைக் கருவியை அன்றே மாட்டிவிட்டுப் போவார். புதிய வகைக்கு மாற வேண்டுமானால் மின்கம்பி இழுக்க வேண்டும், இடம் பார்க்க வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும். நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் வாய்ப்பு பெரும்பாலான குடும்பங்களுக்குக் கிடைப்பதில்லை. இவ்வாறு ஒரு கருவி பொருத்தப்பட்டால் அடுத்த பத்தாண்டுக்கு அதுவே நிலைத்துவிடும்.

வாடகை வீட்டில் சிக்கல் மேலும் கூடுகிறது. கருவியை வாங்குபவர் உரிமையாளர்; மாதக் கட்டணம் கட்டுபவர் வாடகைதாரர். விலை மிகுந்த கருவி வாங்கினால் மிச்சமாகும் பணம் வாங்கியவருக்கு வருவதில்லை. பொருளியலில் இதைப் பிளவுபட்ட ஊக்கம் என்பர். மெல்போர்ன் மாநகராட்சிப் பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் வாடகை வீடுகள். வாடகை வீட்டில் வெந்நீர் இணைப்பு இருந்தாக வேண்டும் என்பது விக்டோரியாவில் 2021 மார்ச் 29 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சத் தரநிலைகளுள் ஒன்று. அக்கருவி திறன்மிக்கதாக இருக்க வேண்டும் என்பது அடுத்த படி; 2027க்கான அறிவிப்பு வாடகை வீடுகளையும் உள்ளடக்கியுள்ளது.

அடுக்குமாடிகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே எரிவாயுக் கொதிகலன் அமைந்திருப்பது உண்டு. குடியிருப்போர் லிட்டர் கணக்கில் வெந்நீருக்குப் பணம் கட்டுகிறார்கள். ஒருவர் மட்டும் தனியாக மாறிக்கொள்ள இயலாது. உரிமையாளர் சங்கம் கூடித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். சிறப்புத் தீர்மானம் என்றால் விக்டோரியாவில் 75 விழுக்காடு ஆதரவு தேவை. வாடகைதாரருக்கு அங்கே வாக்கு இல்லை. அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸ், அடுக்குமாடி உரிமைக்கென 1961இலேயே தனிச்சட்டம் இயற்றிய மாநிலம். அம்மாநிலம் 2021இல் இச்சட்டத்தில் ஒரு தளர்வு செய்தது. ஆற்றல் சேமிப்பு போன்ற வசதிகளுக்கான தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் பாதிக்குக் குறைவாக இருந்தால் தீர்மானம் நிறைவேறும். கருவியில் மாற்றம் எதுவும் இல்லாமல், வாக்கு விதியை மாற்றியே ஒரு தடை குறைக்கப்பட்டது.

பின்தங்குவோர் யார்?

எரிவாயுக் குழாய்களைப் பராமரிக்கும் செலவு, பயன்படுத்துவோர் குறைவதால் குறைவதில்லை. பத்து வீடுகள் உள்ள தெருவில் ஐந்து வீடுகள் விலகினாலும் தெருக் குழாய் அப்படியேதான் இருக்கும். அதன் செலவை மீதி ஐந்து வீடுகள் ஏற்க வேண்டும். 2023இல் ஆஸ்திரேலிய ஆற்றல் ஒழுங்குமுறை அமைப்பு விக்டோரியாவில் எரிவாயு இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்கும் கட்டணத்தை 220 டாலர் என்று வரையறுத்தது. உண்மைச் செலவு அதைவிட அதிகம். எஞ்சிய தொகை மற்ற நுகர்வோரின் கட்டணத்தில் சேர்க்கப்படுகிறது.

முதலில் விலகுபவர்கள் சொந்த வீடும் கையில் பணமும் உள்ளவர்கள். கடைசியில் குழாயோடு எஞ்சுபவர்கள் வாடகைதாரர்களும் அடுக்குமாடிவாசிகளும். வெந்நீருக்குக் குறைவாகச் செலவிட வேண்டிய தேவை யாருக்கு அதிகமோ அவர்களே உயரும் கட்டணத்தைச் சுமக்க நேரிடும். பழைய காசு மீட்டர் காலத்தில் ஏழைக் குடும்பங்கள் சந்தித்த நிலை வேறொரு வடிவில் திரும்பி வரக்கூடும் என்ற அச்சம் இதிலிருந்தே எழுகிறது.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் விரைவாக முடிந்த மாற்றம் 1969, 1970ஆம் ஆண்டுகளில் நடந்த இயற்கை எரிவாயு மாற்றம். அது தெரு அளவில் திட்டமிடப்பட்டது. செலவைப் பொது நிறுவனம் ஏற்றது. உரிமையாளரின் விருப்பத்துக்குக் காத்திருக்கவில்லை. சூரிய வெந்நீர் ஒவ்வொரு வீட்டாரின் முடிவுக்கும் பணத்துக்கும் விடப்பட்டது. எழுபது ஆண்டுகள் ஆகியும் உள்நகரத்தில் அது சிறுபான்மையாகவே உள்ளது. வெப்ப எக்கி இவ்விரண்டுக்கும் இடையே நிற்கிறது. கருவி ஆயத்தமாக உள்ளது, தள்ளுபடியும் உள்ளது, விதியும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் மாற்றம் இன்னும் ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு பழுதாகவே நடக்கிறது.

எரிவாயு மாற்றத்தின்போது பணியாளர்கள் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் கடைசி வீட்டையும் முடித்துவிட்டே அடுத்த தெருவுக்குச் சென்றனர். சொந்த வீடு, வாடகை வீடு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. வெப்ப எக்கிக்கான மாற்றமும் அவ்வாறு கடைசி வீடு வரை சென்றால்தான் அதன் பயன் கார்ல்டன், ஃபிட்ஸ்ராய் போன்ற பகுதிகளின் வாடகைக் குடும்பங்களுக்கும் கிடைக்கும்.